ஆறு

அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள்.
வேலூர் மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை
ராத்திரி எட்டு மணிக்கு வட்டியோடு திருப்பித் தருகின்றன.
எனக்குத் தெரிந்து குளிர்ந்த இடம் ஒன்றுதான்:
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குள்
இயந்திரம் இருக்கும் அறை.
ஏசி அதற்காக. எனக்காக இல்லை.

கன்சோலில் இரண்டு பொத்தான்.
ஃபோட்டான். எலக்ட்ரான்.
இரண்டுக்கும் எதிரே ஒரே எண், ஆறு.
மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கணக்கில்.
(ஃபோட்டானுக்கு அது உச்சவரம்பு மட்டும்.)
எண் ஒன்றானால் கணக்கும் ஒன்று என்று
நினைப்பவர்களிடம் இங்கே சாவி தரமாட்டார்கள்.

எனக்கே ஒருமுறை தவறியது.
சேர்ந்த புதிதில், டீ வரும்வரை சும்மா இராமல்
பழைய டோஸ் சார்ட்டின் பின்பக்கம்
எலக்ட்ரானின் வேகம் போட்டேன்,
திருப்பத்தூர் கல்லூரியில் கை பழகிய வழியில்:
மேலே உந்தத்தின் வர்க்கம், கீழே இரண்டு எம்.
வந்தது விடை,
ஒளியைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.
டெக்னீஷியன் கோதண்டம் எட்டிப் பார்த்து,
"மேடம், இதுல போனா காட்பாடியில ஏறுறதுக்கு முன்னாடியே
அரக்கோணம் போயிருப்போம்" என்றான்.

சூத்திரத்தின் மேல் குற்றமில்லை.
அணுவின் வெளிவட்டத்தில், செம்புக் கம்பிக்குள்
சோம்பலாய் நகரும் எலக்ட்ரானுக்கு அது உண்மை.
ஆறில் பொய்.

சார்ட்டைத் திருப்பி
ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தேன்.
நிற்கும் பக்கம் நிறை, படுத்த பக்கம் உந்தம்,
சாய்ந்தது ஆற்றல்.
சோம்பல் எலக்ட்ரான் உச்சிவெயிலில் ஒரு பனை,
காலடியில் சுருண்ட நிழல்.
ஆறில் அதே பனைக்கு மாலை ஐந்தரை மணி,
மரத்தை நிழல் பல மடங்கு தாண்டிவிடும்.
ஃபோட்டானுக்கு மரமே கிடையாது.
வெறும் நிழல், தரையோடு தரையாக.
சாய்ந்ததும் படுத்ததும் ஒரே கோடு.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இந்த ஊரைக் கேலி பேசுகிறவர்களுக்கு
நிறை இல்லாத துகளையும் இங்கே
தினம் அளந்து கொடுக்கிறோம் என்பது தெரியாது.
அதைப் போய் இரண்டு எம்மால் வகுத்தால்
பூஜ்யம் கணக்கையே விழுங்கிவிடும்.

இன்னொன்று.
ஷ்ரோடிங்கர் சமன்பாடு ஒரு ஹாஸ்டல் வார்டன்.
உள்ளே போனவர் அத்தனை பேரும்
எங்கேயாவது இருந்தாக வேண்டும் அதற்கு.
ஃபோட்டானோ டங்ஸ்டனில் பிறந்து
யாரோ ஒருவரின் ஏதோ ஒரு செல்லில்
இல்லாமலே போகும்.
எந்தப் பதிவேட்டில் வைப்பது அதன் பெயரை?

இன்றைக்குக் கடைசி ஆள் அத்தாவுல்லா,
பேரணாம்பட்டில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்.
முதுகில், பனியன் பட்டை உரசும் இடத்தில்,
புளியங்கொட்டை அளவு புண்.
அவருக்கு முன்னால் அதே படுக்கையில் இருந்தவருக்கு
நுரையீரல் நடுவே கட்டி.
"அவருக்கும் இதே லைட்டுதானா?" என்றார்.

இல்லைங்க.
அவருக்குத் தந்தது நிற்கத் தெரியாதது.
ஏறக்குறைய முக்கால் சாணுக்குப் பாதி,
அடுத்த முக்கால் சாணுக்குப் பாதியில் பாதி,
உடம்பைத் தாண்டிச் சுவர் வரைக்கும்
குறைந்துகொண்டே போகும், தீராது.
உங்களுக்குத் தருவது
மூன்று சென்டிமீட்டரில் நின்றுவிடும்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியுது.
என் மச்சானுக்குத் தெரியல."
சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

கதவு மூட முழுசாய் அரை நிமிஷம்.
இரண்டாவது பொத்தான்.
டங்ஸ்டன் விலகி வழிவிட்டது.
முதுகின் நடுவே கட்டம் கட்டிய வெளிச்சம்,
கேமராவில் அவர் மூச்சு ஏறி இறங்குகிறது.

விதிப்படி உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.
படித்தேன்:
எலக்ட்ரான்.
ஆறு.

கோதண்டம் தலையாட்டி டிக் அடித்தான்.
அவன் காதில் விழுந்தது எண்.
நான் சொன்னது புண்ணிடம்.